உடைப்பெடுத்த மதில்

நாங்கள் மூன்று பேர் ஒரு கூட்டு. பெத்தியாவும் அவள் தங்கை க்ரிசெலும் ஹெர்ரிங் மீனைக் கிழித்துக் குடலெடுப்பார்கள். நான் உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்குவேன். பீப்பாயின் அடிவரைக்கும் கை எட்ட வேண்டும் என்பதால் அடுக்குகிற வேலை நெட்டைப் பெண்களுக்குத்தான் விழும். நான் நெட்டை. மேட்டுப் பண்ணையிலிருந்து இந்தக் கெய்ர்ன்ஹேவன் கடற்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிள்ளை பெற்று, பேரன் எடுத்த பிறகும் இங்கே எனக்கு ‘மேட்டுக்காரி’ என்றுதான் பேர்.

விரல்களில் துணிக்கிழிசலைச் சுற்றி நூலால் கட்டிக்கொண்டுதான் கத்தியைப் பிடிப்போம். கட்டினாலும் வெட்டும். வெட்டிய இடத்தில் உப்பு இறங்கும். அக்காளும் தங்கையும் அதற்கெல்லாம் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. பெத்தியா வாயைத் திறக்காமல் வேலை செய்வாள். க்ரிசெல் வாயை மூடாமல் செய்வாள். யாருடைய புருஷன் குடித்துவிட்டு யார் வீட்டுப் படியில் படுத்தான், பாதிரியார் பிரசங்கத்தில் எத்தனை தடவை மூக்கைச் சிந்தினார், எல்லாம் அவளிடம் இருக்கும். அவள் சிரித்தால் மீன்தொட்டிக்கு அந்தப் பக்கம் நிற்கிற கூட்டமும் என்னவென்று கேட்காமலே சிரிக்கும்.

எங்கள் தெருவில் பாதிப் பேர் ஃப்ளெட், மீதிப் பேர் ஸ்லேட்டர். பட்டப்பெயர் இல்லாவிட்டால் தபால்காரனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். பெத்தியாவின் புருஷன் ஆண்ட்ரா ஃப்ளெட்டை ‘பீரங்கி’ என்பார்கள். உலகச் சண்டைக் காலத்தில் கண்ணிவெடி வாரும் கப்பலில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவன். திரும்பி வந்த பிறகும் அந்தச் சத்தம் அவன் தலைக்குள்ளிருந்து இறங்கவில்லை. க்ரிசெலின் புருஷன் கில்பர்ட் ஸ்லேட்டருக்கு ‘ஊமையன்’ என்று பேர். பேசத் தெரியாமல் இல்லை. பேச மாட்டான், அவ்வளவுதான். அவனுக்கும் க்ரிசெலுக்கும் இரண்டு பெண் குழந்தைகள், லில்லியாஸ், நெல். பெத்தியாவுக்குக் குழந்தை தங்கவில்லை. அதனால் அந்த இரண்டும் எந்நேரமும் பெரியம்மா பாவாடையில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆண்ட்ரா கைநீட்டுகிறவன். பெத்தியாவின் கன்னத்தில் ஒரு தடவை நீலம் பூத்திருந்ததைப் பார்த்தேன், கேட்கவில்லை. அடுத்த வாரம் ஆண்ட்ராவின் நெற்றியில் கட்டு, அதையும் கேட்கவில்லை. அந்த வீட்டில் இப்படித்தான் கொடுக்கல் வாங்கல் நடந்தது. ஆனால் அவன் நல்ல மனநிலையில் இருக்கும் நாட்களில் பெத்தியாவோடு உட்கார்ந்து மட்டிச்சிப்பி உடைத்துத் தூண்டில்களில் இரை கோத்துக் கொடுப்பான். ஆண்பிள்ளை எவனும் தொடாத வேலை அது. தெருவில் கேலி செய்வார்கள். அவன் தலை தூக்காமல் கோத்துக்கொண்டே இருப்பான்.

உலகச் சண்டைக்குப் பிறகு ஹெர்ரிங் வியாபாரம் படுத்துவிட்டது. ஆண்ட்ரா பங்கு வைத்திருந்த படகும் போனது. மற்றவன் படகில் கூலிக்குப் போனான். ஒரு படகுத் தலைவனோடும் ஒரு பருவம் முழுக்க ஒத்துப்போகவில்லை. கடைசியில், இனி எவன் கீழும் போக மாட்டேன், சொந்தமாகப் புகைக்கொட்டில் கட்டி ஹாடக் மீனைப் புகைபோட்டு விற்கப்போகிறேன் என்று கிளம்பினான். அதற்குக் கல் வேண்டும்.

கல்லுக்கு எங்கள் ஊரில் குறைவில்லை. மேட்டில் இடிந்த கோட்டை நிற்கிறது. அதன் சுவர் விழுந்து கிடக்கிற கல்லில் இன்னொரு ஊரே கட்டலாம். ஆனால் அது பண்ணையாருடையது. அங்கே ஒரு கல்லை நகர்த்தியவனைக் கோர்ட்டுக்கு இழுத்த கதை எல்லோருக்கும் தெரியும். கீழே கடல்மதில் இருக்கிறது. யார் கட்டியது என்று தெரியாத பழைய மதில். இரண்டு ஆட்கள் தலைக்குத் தலை நீட்டிப் படுக்கிற அகலம். அதன் முதுகில்தான் நாங்கள் மீன் காயப்போடுவோம், வலை உலர்த்துவோம். அதற்கு இந்தப் பக்கம், கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு எங்கள் வீடுகள். வாசற்படி உடைந்தால், அடுப்பங்கரைக்கு ஒரு கல் வேண்டுமென்றால், மதிலின் உட்பக்கத்திலிருந்து ஒன்று உருவிக்கொள்வது வழக்கம். தாத்தா காலத்திலிருந்து எல்லோரும் செய்ததுதான். கடல் பக்கத்தைத் தொட மாட்டோம். உட்பக்கம்தானே என்று ஒரு சமாதானம்.

ஆண்ட்ரா ஒன்று இரண்டு எடுக்கவில்லை. ஒரு கொட்டில் அளவுக்கு எடுத்தான்.

இலையுதிர் காலம் அது. நாங்கள் தெற்கே யார்மத் துறைமுகத்தில் பருவ வேலை முடிந்து ரயிலில் திரும்பியிருந்தோம். கில்பர்ட்டின் படகு எஞ்சின் பழுதாகி அங்கேயே தங்கிவிட்டது. ஆண்ட்ரா கடப்பாரையால் நெம்பித் தருவான். பெத்தியாவும் க்ரிசெலும் முதுகுக்கூடையில் சுமந்து வருவார்கள். மீன் சுமக்கிற கூடை அது. நெற்றி நரம்பு புடைக்க, முழங்கால் வளைய, அக்காளுக்குப் பின்னால் தங்கை. எங்கிருந்து எடுப்பது என்று பேச்சு வந்தபோது க்ரிசெல்தான் சொன்னாள்.

“எங்க வீட்டுக்குப் பின்னால எடுத்துக்கோங்க. அங்கதான் நல்லா செதுக்கின கல்லு. கோழியைத் தவிர வேற யாரு பாக்கப்போறா?”

பெத்தியா தயங்கியிருக்கிறாள். உன் புருஷன் வந்தால் என்ன சொல்வான் என்று கேட்டிருக்கிறாள். அவர் எதற்குத்தான் வாயைத் திறந்தார், இதற்குத் திறக்க என்று க்ரிசெல் சிரித்துவிட்டாளாம். இதைப் பெத்தியா என்னிடம் சொன்னது ரொம்ப காலத்துக்குப் பிறகு.

கொட்டில் எழுந்தது. நேர்த்தியாகத்தான் கட்டினான். ஓக் மரச்சிராய் கனிந்து, ஹாடக் பொன்னிறமாகத் தொங்கியபோது, தெரு முழுக்க அந்த வாசனை. மேட்டுத்தெரு ஹோட்டலிலிருந்தே கேட்டு வந்தார்கள். புகைபோட்ட மீனைப் பாலில் போட்டு, உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்த்து பெத்தியா ஒரு பெரிய சட்டி நிறைய கஞ்சி காய்ச்சித் தெருவுக்கே ஊற்றினாள். அன்று ஆண்ட்ரா யாரோடும் சண்டை போடவில்லை.

நவம்பர் கடைசியில் கில்பர்ட் வந்தான். வந்த அன்றே மதிலைப் பார்த்திருக்கிறான். மறுநாள் கொட்டில் வாசலுக்கு வந்து நின்றான். நான் மீன் வாங்கப் போயிருந்தேன்.

“சகல, மதிலு மெலிஞ்சு கிடக்கு.”

“வசந்தம் வரட்டும். ஆத்துலேர்ந்து கல்லு அடிச்சுக்கொண்டாந்து நெரப்பிடறேன்.”

“அதுக்கு நடுவுல குளிர்காலம் இருக்கு.”

“இந்த மதிலு எத்தனை குளிர்காலம் பாத்திருக்கும். நீ ஒண்ணு. போ, போய்ப் பொண்டாட்டியக் கட்டிக்கிட்டுப் படு.”

யார் யார் சுமந்தது என்று கில்பர்ட் கேட்கவில்லை, ஆண்ட்ராவும் சொல்லவில்லை. இரண்டு மீனைக் கையில் கொடுத்தான். கில்பர்ட் வாங்கிக்கொண்டு போனான்.

டிசம்பர் நடுவில் வாடை பிடித்தது. முதல் நாள் வெறும் காற்று. இரண்டாம் நாள் கடல் வெள்ளையாகிவிட்டது. மூன்றாம் நாள் விடியற்காலையில் கடல் ஏற்றமும் வாடையும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. மதிலுக்கு மேலே நுரை பறந்து கூரைகளில் விழுந்தது. ஆண்கள் எல்லோரும் துறைமுகத்தில். படகுகளுக்கு இரட்டைக் கயிறு போட்டுக்கொண்டு, அறுந்த கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் நின்றார்கள். ஆண்ட்ராவும் கில்பர்ட்டும் அங்கேதான், ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு.

பெத்தியாவின் வீடு தெருவின் மேல்முனையில். அவள் குழந்தைகளை அழைத்துப்போக வந்தாள். க்ரிசெல் இரண்டுக்கும் சால்வை சுற்றிக் கொடுத்தாள். நீயும் வா என்று பெத்தியா அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

“மாவுப் பெட்டியத் தூக்கிப் பரண்ல வெச்சிட்டு வந்துடறேன்க்கா. நனைஞ்சா குளிர்காலம் பூரா எதைத் திங்கிறது? நீ நட, நான் பின்னாடியே வரேன்.”

பெத்தியா குழந்தைகளோடு சந்து முனையைத் தாண்டித் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அந்த அலை. அலை மதிலுக்கு மேலே வரவில்லை. மதிலைத் தள்ளிக்கொண்டு வந்தது. மெலிந்த இடம் அப்படியே வயிறு போல உள்ளே பிதுங்கிற்று, பிறகு வெடித்தது. கல்லும் தண்ணீரும் ஒன்றாகக் க்ரிசெலின் வீட்டுப் பின்சுவரில் மோதின. கூரை நின்ற இடத்தில் நின்றது. அதற்குக் கீழே வீடு இல்லை. பிறகு கூரையும் இறங்கிற்று.

பெத்தியாவும் சேர்ந்து நாங்கள் நாலைந்து பெண்கள் மார்பளவு தண்ணீரில் கல்லைப் புரட்டினோம். அலை பின்வாங்குகிற நேரத்தில் புரட்டுவோம்; வருகிற நேரத்தில் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொள்வோம். க்ரிசெலின் கையை முதலில் கண்டது நான். மாவுப் பெட்டியின் பிடியை விடவில்லை. முகத்தை நான் பெத்தியாவைப் பார்க்க விடவில்லை. என் மேலங்கியைக் கழற்றி மூடிவிட்டேன். மூடின துணியை அவள் விலக்கினாள். பார்த்தாள். பிறகு அவளே மூடினாள்.

ஏற்றம் வற்றத் தொடங்கிய பிறகுதான் ஆண்கள் வந்தார்கள். க்ரிசெலை ஒரு கதவில் கிடத்தி வலை பின்னும் கூடத்தில் வைத்திருந்தோம். கில்பர்ட் உள்ளே போனான், வெளியே வந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. கையை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல அங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

தெருவில் மூத்த படகுத் தலைவர் மங்கோ ஸ்லேட்டர். அவர் உடைப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு வண்டி நுழைகிற அளவுக்கு வாய் திறந்திருந்தது. சாயங்காலம் அடுத்த ஏற்றம், காற்று குறையவில்லை. அந்த வாய் வழியாகக் கடல் இன்னொரு தடவை வந்தால் தெருவில் ஒரு வீடும் மிஞ்சாது. உடைப்பில் இருந்த கல்லெல்லாம் கடலோடு போய்விட்டது. மேட்டுக் கோட்டைக்குப் போகிற சரிவுப்பாதையை மழை அரித்துவிட்டது. கைக்கு எட்டுகிற தூரத்தில் செதுக்கிய கல் இருக்கிற இடம் ஒன்றுதான். மங்கோ அதைச் சொல்லி முடிக்கவில்லை. கில்பர்ட் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்தான். எல்லோரும் பின்னால் போனோம். கல்லுக்காகத்தான் போனோமா, வேறு எதற்காகவுமா என்று அன்று யாரும் யோசிக்கவில்லை.

ஆண்ட்ரா கொட்டில் வாசலில் நின்றான், கையில் சிராய் பிளக்கிற கோடரியோடு. செத்தது யார், எதனால் என்று அவனுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. தெரிந்தவனின் முகம்தான் அது. ஆனால் அந்த மனுஷனுக்கு வருத்தம் வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும். உள்ளே மீன் புகைந்துகொண்டிருந்தது.

மங்கோ நிதானமாகத்தான் பேசினார். கல் வேண்டும், வழி விடு, மற்றதைப் பிறகு பேசலாம் என்றார்.

“மத்ததுன்னா என்ன?” என்றான் ஆண்ட்ரா. “கொலைகாரன்னு சொல்லப்போறீங்க, அதானே? சொல்லுங்க. மங்கோ, உங்க வாசப்படி எந்தக் கல்லு? ஏ டோனல்ட், உன் அடுப்பங்கரை? நீங்க எடுத்ததெல்லாம் எடுத்தது இல்ல, நான் எடுத்ததுதான் திருட்டா? தின்னுட்டு வாயத் தொடச்சுக்கிட்ட பன்னிங்கடா நீங்க.”

எங்கள் கடற்கரையில் அந்த மிருகத்தின் பேரைச் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் உடனே இரும்பைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் கடல் யாரையாவது கேட்கும். காலையில்தான் கடல் ஒருத்தியை வாங்கிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் அத்தனை ஆண்களின் கையும் தன்னால் போய்க் கடப்பாரையை, சம்மட்டியை, கோட்டுப் பித்தானைத் தொட்டது. பார்த்து ஆண்ட்ரா சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

கில்பர்ட் இரண்டு அடி முன்னால் வந்தான். “நகரு,” என்றான்.

“நீ எங்கிட்ட வராத சகல. நீ கேக்க வேண்டிய ஆளு நானில்ல. கல்லு சுமந்தது யாருன்னு நெனச்ச? என் பொண்டாட்டியும் உன் பொண்டாட்டியும்தான். எங்க வீட்டுப் பின்னால எடுன்னு சொன்னவளே அவதான்.”

கில்பர்ட் திரும்பிப் பெத்தியாவைத் தேடினான்.

“மதினி, நெசமா?”

பொய் சொல்லியிருக்கலாம். செத்தவள் பேரில் ஒரு பொய்யால் யாருக்கு என்ன கெடுதல்? ஆனால் பெத்தியாவுக்கு அன்று காலையிலிருந்து தொண்டையில் நின்றது அது ஒன்றுதான்.

“நெசம்தான்,” என்றாள்.

பிறகு அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கொட்டிலை நோக்கிப் போனாள். ஆண்ட்ராவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் மேல்வரிசைக் கல்லைப் பிடித்து அசைத்தாள். அவன் அவளை விடச் சொன்னான். அவள் விடவில்லை. கல் கழன்று வந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். அவன் கோடரியைத் திருப்பி அதன் காம்பால் அவள் வாயில் அடித்தான்.

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கும். முன்பற்கள் போயின. ரத்தம் தாடையிலிருந்து கல்லின் மேல் வழிந்தது. அவள் விழவில்லை. கல்லையும் போடவில்லை. அப்படியே நடந்து போய் ஒரு கூடையில் வைத்துவிட்டு அடுத்த கல்லுக்குத் திரும்பி வந்தாள்.

அதற்குள் ஆண்கள் அவன்மேல் விழுந்திருந்தார்கள். ஒரு ஆளை அத்தனை பேர் அடிக்க முடியாது, இடம் இருக்காது. ஒருவனை ஒருவன் தள்ளிவிட்டு அடித்தார்கள். பூட்ஸ் காலால் விலாவில் மிதித்தார்கள். கோடரி யார் கைக்குப் போனது என்று தெரியவில்லை. நல்லவேளை, அதை யாரோ கூரைமேல் எறிந்துவிட்டார்கள். அவனும் சும்மா இல்லை. டோனல்டின் காதைக் கடித்துத் தொங்கவிட்டான். ஒருவனின் கட்டை விரலை முறித்தான். பெண்களும் அடித்தோம். நானும் அடித்தேன், கையிலிருந்த கூடைப்பட்டையால். மங்கோ நடுவில் புகுந்து, ஏற்றம் வருது, ஏற்றம் வருது என்று சொல்லிச் சொல்லித்தான் பிரித்தார். பிரித்தபோது அவன் சேற்றில் குப்புறக் கிடந்தான். செத்துவிட்டான் என்றே நினைத்தோம். யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

அந்தச் சண்டையில் ஒரு அடிகூட அடிக்காமல் நின்றது கில்பர்ட் ஒருவன்தான்.

கொட்டிலைப் பிரித்தோம். கூரை விழுந்ததும் புகை எங்கள் முகத்தில் அடித்தது. பொன்னிற மீன்கள் சேற்றில் விழுந்து மிதிபட்டன. கல்லெல்லாம் கரி பிடித்து, உட்பக்கம் இன்னும் சூடாக இருந்தது. அந்தக் குளிரில், செத்துப்போன விரல்களுக்கு அந்தச் சூடு இதமாகக்கூட இருந்தது, சொல்லக் கூசுகிறது. கொட்டிலிலிருந்து உடைப்புவரை ஆணும் பெண்ணும் வரிசை போட்டு நின்றோம். பெரிய கல்லைக் கூடையிலும், சின்னதைக் கைமாற்றியும் அனுப்பினோம். யாரோ ஓட்ஸ் ரொட்டி கொண்டுவந்து, கை ஓயாதவர்களின் வாயில் துண்டுதுண்டாகத் திணித்துவிட்டுப் போனார்கள். பெத்தியா வாங்கவில்லை. வாயில் துணியை அடைத்துக்கொண்டு கல் கொடுத்தாள். குழந்தைகள் இரண்டும் என் வீட்டில் என் மாமியாரிடம் இருந்தன.

உடைப்பு பாதி நிரம்பியிருக்கும்போது ஆண்ட்ரா வந்தான்.

ஒரு கண் மூடிக்கிடந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தான். எவனும் வழி மறிக்கவில்லை. அவன் வரிசையைத் தாண்டிப்போய் உடைப்பின் கடல் பக்கம், அடியில், ஒருவரும் நிற்கத் துணியாத இடத்தில் இறங்கினான். முழங்கால் தண்ணீரில் குனிந்து, வந்த கல்லை வாங்கி, புரட்டி, முகம் பார்த்துப் பொருத்த ஆரம்பித்தான். அலை முதுகில் அடித்தது. கல்லைக் கட்டிக்கொண்டு பொறுத்தான். அலை போனதும் அடுத்ததைக் கேட்டுக் கையை நீட்டினான். மன்னிப்பென்று அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கை நீட்டிக்கொண்டே இருந்தான், அவ்வளவுதான். அவனுக்கு மேலே கில்பர்ட். கில்பர்ட்டுக்குப் பின்னால் பெத்தியா. அவளுக்குப் பின்னால் மங்கோ. அதற்குப் பின்னால் நான்.

வெளிச்சம் போய் லாந்தர் ஏற்றினார்கள். தண்ணீர் ஆண்ட்ராவின் இடுப்புக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு வரிசை வைத்தால் போதும். மேலே வந்துவிடு என்று மங்கோ கத்தினார். இந்த ஒன்று என்று அவன் கை காட்டினான்.

நான் மங்கோவுக்குக் கொடுத்தேன். மங்கோ பெத்தியாவுக்குக் கொடுத்தார். பெத்தியா கில்பர்ட்டுக்குக் கொடுத்தாள். ஆண்ட்ரா குனிந்து அடிக்கல்லை அசைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தான், பிடரி தெரிந்தது. கில்பர்ட் கல்லைக் கையில் வாங்கி அதைப் பார்த்தான். கரி பிடித்த கல். பிறகு அதை நீட்டவில்லை. இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினான். பெத்தியா பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு ஒரு கணம்தான் பிடித்தது. ஆனால் கத்துவதற்கு அந்தக் கணம் போதும். ஒருவரும் கத்தவில்லை.

கல்லோடு சேர்ந்து ஆண்ட்ராவும் தண்ணீருக்குள் போனான். அலை அவனை வெளியே இழுத்தது. அடுத்த அலை திரும்பக் கொண்டுவந்து, அவன் அடுக்கிய கல்லின் மேலேயே மோதிற்று. பின்னந்தலை இல்லை. மூன்றாவது அலையில் காணோம்.

வரிசை நின்றுவிட்டது. பெத்தியா கையை நீட்டியபடி அப்படியே நின்றாள். என் கையில் அடுத்த கல் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் மங்கோவிடம் கொடுத்தேன். அவர் அதை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

“கல்ல வாங்கு பெத்தியா,” என்றார் மெதுவாக. “தண்ணி ஏறுது.”

அவள் வாங்கினாள். கில்பர்ட்டிடம் நீட்டினாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கி வைத்தான்.

மதில் நின்றது. அன்றைக்கும் நின்றது, இன்றைக்கும் நிற்கிறது. அந்த இடத்தில் மட்டும் கல் கறுப்பு.

இரண்டு நாள் கழித்துக் காற்று விழுந்ததும் ஆண்ட்ராவைக் கடல் வடக்குக் கரையில் ஒதுக்கியது. மேட்டிலிருந்து போலீஸ் சார்ஜென்ட் வந்து வீடு வீடாக விசாரித்தார். கல் நழுவி விழுந்துவிட்டது என்று மங்கோ சொன்னார். டோனல்ட் காதில் கட்டோடு அதையே சொன்னான். நானும் சொன்னேன். ஒத்திகை எதுவும் நடக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் சொல் ஒன்றாகவே வந்தது. பிணத்தில் இருந்த மற்றக் காயங்களுக்கெல்லாம் பாறை மேல் பழி போயிற்று. சார்ஜென்ட் முட்டாள் இல்லை. அவர் கடைசியாகப் பெத்தியாவிடம் வந்தார். தெரு முழுக்க அவரவர் ஜன்னலில் நின்றது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் கில்பர்ட் தூக்குக் கயிற்றுக்குப் போவான்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் வாயை உடைத்தது யார் என்றுதான் முதலில் கேட்டார்.

“புயல்ல விழுந்தேன்.”

உன் புருஷன் செத்ததை நீ பார்த்தாயா?

“பார்த்தேன். கல்லு வழுக்குச்சு.”

யார் கையிலிருந்து?

“எல்லார் கையிலும் கல்லு இருந்துச்சுங்க. எது வழுக்குச்சுன்னு எப்படிச் சொல்றது?”

அவர் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து போனார்.

தங்கைக்கும் புருஷனுக்கும் ஒரே நாளில் அடக்கம். அன்று சாயங்காலம் கில்பர்ட் பெத்தியாவின் வீட்டுக்கு வந்தான். இரண்டு குழந்தைகளும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தன. ஈரத்தில் மிஞ்சிய குழந்தைத் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தான். வாசற்படியில் கால் வைத்தான்.

“அங்கேயே நில்லு,” என்றாள் பெத்தியா.

காலை எடுத்துக்கொண்டான். “ஏன் மதினி சொல்லல?”

“நீ தொங்கினா இதுங்க ரெண்டும் அனாதை மடத்துக்குப் போகும். அதுக்குத்தான். உனக்காக இல்ல.”

“அவன் என் பொண்டாட்டிய...”

“அவன் அவளக் கொல்லல. நானும் கொல்லல. நாங்க மூணு பேரும் சேர்ந்து கல்லுதான் எடுத்தோம். நீ கையில வாங்கினியே, அது நான் கொடுத்த கல்லு. அதை நான் எங்க கொண்டு போய் எறியறது?” பல் போன வாயில் சொற்கள் காற்றாக வந்தன. “மூட்டைய அங்க வெச்சிட்டுப் போ. புள்ளைங்கள நான் பாத்துக்கறேன். அதுங்களுக்கு நீ அப்பன், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனா இந்த வீட்டுக்குள்ள நீ வரக் கூடாது.”

அவன் மூட்டையை வைத்துவிட்டுப் போனான். அதன் பிறகு படகு வந்த நாளெல்லாம் படியில் மீன் இருக்கும். நிலக்கரி தீருகிற நேரத்தில் நிலக்கரி இருக்கும். பெண்கள் அவனைத் துறைமுகத்தில் போய்ப் பார்ப்பார்கள். அப்பா ஏன் உள்ளே வருவதில்லை என்று லில்லியாஸ் என்னை ஒரு தடவை கேட்டாள். உன் பெரியம்மாவைக் கேள் என்றேன். கேட்டாளோ என்னவோ, பிறகு கேட்கவில்லை.

லில்லியாஸுக்குக் கல்யாணம் ஆனபோது விருந்து பெத்தியாவின் வீட்டில்தான். இடம் போதாமல் மாடிப்படியிலெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிடில் வாசித்தார்கள். கோயிலில் மகளைக் கைபிடித்து அழைத்துவந்து கொடுத்த கில்பர்ட், வீடுவரைக்கும் வந்து, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு வாசலுக்கு வெளியே மழையில் நின்றான். மாப்பிள்ளை வீட்டார், உள்ளே வாங்க, உள்ளே வாங்க என்றார்கள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே நின்றான்.

பெத்தியா ஒரு தட்டில் ரொட்டியும் கறியும் நிறையப் போட்டாள். வெளியே போனாள். அவன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டை வாங்கி, நின்றபடியே சாப்பிட்டான். மழை தட்டில் விழுந்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை அவளும் மழையில் அவனெதிரே நின்றாள். காலித் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, முழங்கையால் கதவைச் சாத்தினாள்.